கையில் கிரீஸ் பட்டால் படிப்பு போய்விடுமா?

"படிக்கிற பிள்ளையளுக்கு இதென்ன வேலை? கராச்சில குடுங்கோவன்."

மாமரத்துக்குக் கீழே பழைய மொறிஸ் மைனரின் இஞ்சினைக் கழற்றி வைத்த நாளிலிருந்து இதைத்தான் கேட்கிறோம். சொல்பவர்களில் பாதிப்பேர், 90களின் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் கொஞ்சப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய கதையைப் பெருமையாகச் சொல்பவர்கள். அந்தக் கெட்டித்தனம் வேணுமாம். அதைப் பழகிற கை மட்டும் ஊத்தையாகக் கூடாதாம்!

காசில்லாமல்தான் தொடங்கினோம். அதுக்காக இது ஒப்பேற்றல் வேலை இல்லை. சிலிண்டரை மேலும் கீழும், குறுக்கும் நெடுக்கும் அளந்து வட்டம் குலைந்திருக்கா எண்டு பார்க்கிறது கணிதம். புது றிங்கைத் தனியாக உள்ளே இறக்கி, அதன் வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்கிறது பௌதிகம். இடைவெளி போதாவிட்டால் சூட்டில் விரிந்து முனைகள் முட்டும், றிங் முறியும். 'வெப்ப விரிவு' எண்டு ரியூசனில் பாடமாக்கினது எங்களுக்கு இங்கேதான் விளங்கினது.

மிச்சம் பிடித்தது கூலியில் மட்டும். றிங்ஸ், பெயாரிங், காஸ்கெற்றில் கை வைக்கவில்லை. கிராங்கை அரைக்கப் பட்டறைக்குத்தான் கொண்டுபோனோம். வீட்டில் செய்யக்கூடாதது எது எண்டு அறிவதும் படிப்புத்தான்.

2020 மார்ச்சில் நிறுத்தின வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த ஐந்து வருசமும் பழைய வாகனங்களை ஓடவைத்தது யாருடைய கை?

உங்கட வளவிலயும் தார்ப்பாய் மூடின கார் ஒண்டு நிக்கலாம். பொனற்றைத் திறந்து பாருங்கோ.