ராணியின் செருப்புக் காசு

கிறிஸ்மஸ் மாதத்தில் யாரையும் கோபித்து எழுத வேண்டாம் என்று வீட்டில் சொன்னார்கள். முடியவில்லை.

போன வாரம் ஓர் அழைப்பிதழ் வந்தது. தூத்துக்குடியில் ஓர் ஆலயம், பெயர் வேண்டாம். சபைப் பிள்ளைகளோடு அக்கம்பக்கத்துத் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரையும், எந்தச் சமயமானாலும், குழந்தைகள் கிறிஸ்மஸ் விழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மீன் ஏலக்கூடத்தைச் சுற்றி வளரும் பிள்ளைகள், துறைமுகத்துக்கு லாரி ஓட்டுகிறவர்களின் பிள்ளைகள், உப்பளத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் புது உடுப்பு, ராத்திரிச் சாப்பாடு. படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. வெளியூர் வாசகர்களுக்கு இதன் அருமை புரிய ஒன்று சொல்ல வேண்டும். டிசம்பர், உப்பளக் குடும்பங்களுக்குக் கையில் காசில்லாத மாதம். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் பாத்தியில் வேலை நின்றுபோகும். தை பிறந்து வெயில் ஏறி, பாத்தியை மிதித்துச் சரிசெய்யும்வரை கூலி கிடையாது. அரசு மழைக்கால நிவாரணமாகக் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் கொடுப்பதும் இதனால்தான். அந்த மாதத்தில் பிள்ளைக்கு ஒரு புது உடுப்பு என்பது சின்ன விஷயம் அல்ல.

விழா மாலை ஐந்தரைக்கு என்று போட்டிருந்தது. பிள்ளைகள் ஐந்து மணிக்கே வந்து ஜமுக்காளத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். சம்மனசு வேஷம் போட்ட ஒரு சின்னப் பெண் எனக்குப் பக்கத்தில் இருந்தாள். தெர்மாகோலில் வெட்டி ஜிகினாத்தாள் ஒட்டிய இறக்கை. அதைக் கட்டியிருந்த நாடா இரண்டு தோளிலும் சிவப்பாகப் பதிந்திருந்தது. சிறப்பு விருந்தினர் வந்தபோது மணி ஏழு. அதன் பிறகு வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை வகித்தவர்களின் உரை, ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, ஒவ்வொரு பொன்னாடைக்கும் ஒரு போட்டோ. மேடையில் இருந்தவர்களின் கையில் ஆளுக்கொரு மக்ரூன் பொட்டலம். கீழே இருந்த பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

“தாத்தா, எங்க டான்ஸ் எப்ப வரும்?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

அவள் அம்மா பின்னாலிருந்து, “மத்தியானத்துல இருந்து பிள்ள ஒண்ணும் சாப்பிடல அண்ணாச்சி. உடுப்புல சிந்திரும்னு டீச்சர் சொல்லிட்டாங்க” என்றாள்.

அவர்கள் ஆட்டம் வரும்போது ஒன்பதேகால். சம்மனசு தூங்கிவிட்டது. எழுப்பி மேடையில் நிறுத்தினார்கள். பாதிப் பாட்டில் அழுதது. முன்வரிசை நாற்காலிகள் அதற்குள் காலியாகியிருந்தன.

இந்தப் பத்தியை விடாமல் வாசிக்கிறவர்களுக்குப் பொன்னாடைக்கும் எனக்கும் உள்ள பகை தெரியும். பள்ளி ஆண்டு விழா, நூல் வெளியீடு, ரத்ததான முகாம் என்று எல்லா இடத்திலும் அதை எதிர்த்து எழுதியாயிற்று. ஆலயத்துக்குள், அதுவும் பிள்ளைகளின் விழாவில் அதைப் பார்த்தபோது எரிச்சலைவிடத் துக்கமே மிஞ்சியது. காரணம் இந்த ஊர். வேறெந்த ஊர் மறந்தாலும் முத்துக்குளித்துறை மறக்கக் கூடாத ஒரு சங்கதி இதில் இருக்கிறது. இந்தக் கரையில் சபை நடந்ததே பிள்ளைகளின் காலால்தான்.

வீட்டுக்கு வந்ததும், பதினாறாம் நூற்றாண்டில் இந்தக் கரையில் சமயம் போதித்த புனித சவேரியாரின் கடிதங்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆண்டுதோறும் டிசம்பர் 3, அவர் திருநாளை ஒட்டி நான் புரட்டுகிற புத்தகம். இந்த வருஷம் நாலைந்து நாள் கீழே வைக்க மனம் வரவில்லை.

1542 அக்டோபரில் அவர் இந்தக் கரைக்கு வருகிறார். தமிழ் தெரியாது. பரதவர்கள் அதற்கு ஐந்தாறு வருஷம் முன்னால்தான் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். அதன் பிறகு ஊர் ஊராக உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க அவர்களுக்கு ஆள் வாய்க்கவில்லை. அந்த மாதம் 28ஆம் தேதி தூத்துக்குடியிலிருந்து அவருடைய சபைத் தலைவர் இஞ்ஞாசியாருக்கு ஒரு கடிதம் போகிறது. பிள்ளைகள் தன்னைச் சூழ்ந்துகொண்டு, ஏதாவது ஒரு செபம் சொல்லிக்கொடுத்தால்தான் ஆயிற்று என்று நிற்கிறார்கள், தன்னைச் செபிக்கவோ சாப்பிடவோ தூங்கவோ விடுவதில்லை என்று எழுதுகிறார். அந்த வரிகளில் அலுப்பு துளியும் இல்லை. பரலோக ராஜ்யம் இப்படிப்பட்டவர்களுடையது என்பது இங்கே வந்துதான் விளங்கியது என்கிறார்.

1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய நீண்ட கடிதம் இன்னும் மேலானது. போர்ச்சுகீசும் தமிழும் தெரிந்த சிலரைத் தேடிப் பிடித்து, பல நாள் கூட உட்கார்ந்து செபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்கிறார். பிறகு கையில் மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக அடித்துக்கொண்டு போகிறார். பிள்ளைகள் கூடுகிறார்கள். ஒரு நாளைக்கு இரண்டு வேளை வகுப்பு. கற்றதைப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் தாய் தகப்பனுக்கும் அண்டை வீட்டாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். நோயாளிகளைப் பார்க்க வரச்சொல்லி ஊர்களிலிருந்து ஓயாமல் அழைப்பு வரும். எல்லா இடத்துக்கும் தன்னால் போக முடியாதபோது பிள்ளைகளை அனுப்புகிறார். பிள்ளை அந்த வீட்டுக்குள் போய், வீட்டார் எல்லாரையும் கூட்டி, விசுவாசப் பிரமாணத்தைச் சொல்ல வைத்து, நோயாளிக்காகச் செபிக்கிறது.

நினைத்துப் பாருங்கள். பத்து வயசுப் பையன், காலெல்லாம் கடற்கரை மணல், படுத்த பாயில் காய்ச்சலாய்க் கிடக்கும் ஒரு பெரிய மனுஷன் தலைமாட்டில் நிற்கிறான். வீட்டுப் பெரியவர்கள் கைகட்டி அவன் சொல்வதைத் திருப்பிச் சொல்கிறார்கள். குருவானவர் செய்ய வேண்டிய வேலை. அதை ஒரு சிறுவனை நம்பிக் கொடுத்திருக்கிறார்.

இந்தக் கடிதங்களில் எனக்கு ஒட்டாத பக்கமும் உண்டு. முன்னோர் கும்பிட்ட உருவங்களை உடைக்கப் பிள்ளைகளைப் பழக்கியதை அவரே மகிழ்ந்து எழுதுகிறார். எல்லாச் சமயப் பிள்ளைகளையும் ஒரே பந்தியில் உட்காரவைக்கும் விழாவைப் பாராட்டுகிற நான் அதை ஏற்க மாட்டேன். ஆனால் பிள்ளைகளை அவர் எவ்வளவு பெரிய பொறுப்புக்கு நம்பினார் என்பதில் எனக்கு மறுப்பில்லை.

1544இல் அவர் தன் துணைவர் மான்சிலாஸுக்கு எழுதிய சிறு கடிதங்கள் இருபதுக்கு மேல் கிடைக்கின்றன. மணப்பாடு, புன்னைக்காயல், தூத்துக்குடி என்று இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஊர்ச் சண்டை, படகு, காசு, அதிகாரிகளின் அட்டூழியம் என்று விஷயம் எதுவானாலும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதை விட்டுவிடாதே என்பது திரும்பத் திரும்ப வரும். அந்த ஜூன் மாதம் வடக்கிலிருந்து வந்த வடுகர் படை தாக்கியதில் குமரிமுனைப் பக்கத்து மக்கள் ஓடிப்போய்க் கடலுக்குள் இருக்கும் பாறைகளில் ஒதுங்கி, பசியிலும் தாகத்திலும் செத்துக்கொண்டிருந்தார்கள். இவர் 20 தோணிகளில் சாமான் ஏற்றிக்கொண்டு புறப்படுகிறார். எதிர்க்காற்று போகவிடவில்லை. அந்தக் கடிதத்தை வாசிக்கும்போது 2023 டிசம்பர்தான் எனக்கு ஞாபகம் வரும். 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி கரை மீறி, மாவட்டமே தண்ணீரில் நின்ற கிறிஸ்மஸ். அந்த வருஷம் நான் போன ஆலயங்களில் மேடை இல்லை, பொன்னாடை இல்லை. பெரிய அண்டாவில் சோறு வெந்தது. முதல் தட்டு பிள்ளைகளுக்குப் போனது. யாரும் சொல்லிக்கொடுக்காமலே வரிசை சரியாக இருந்தது.

செருப்புக் கதைக்கு வருகிறேன். சவேரியார் ஊருக்கு ஊர் நிரந்தரமாகத் தங்க முடியாது. அதனால் ஒவ்வொரு ஊரிலும் ஒரு கணக்கப்பிள்ளையை நியமித்தார். பிள்ளைகளைக் கூட்டிச் செபம் சொல்லிக்கொடுப்பதும் ஆலயத்தைப் பார்த்துக்கொள்வதும் அவர் வேலை. பின்னாளில் நம் கோயில்களில் உபதேசியார் என்று நாம் கண்ட ஆட்களுக்கு மூதாதை. அவர்களுக்குச் சம்பளம் வேண்டுமே? முத்துக்குளித்துறையிலிருந்து போர்ச்சுகல் ராணி கத்தரீனாவின் செருப்புச் செலவுக்கென்று ஆண்டுதோறும் 4,000 பணம் போய்க்கொண்டிருந்தது. மூச்சடக்கிக் கடலுக்குள் இறங்குகிற மனுஷர்களின் உழைப்பில் ஒரு பங்கு, லிஸ்பனில் ஒரு ராணியின் காலுக்கு. அந்தக் காசை இந்த ஆசிரியர்களின் சம்பளத்துக்குத் திருப்பிவிடச் சவேரியார் ஆளுநரிடம் கேட்டு வாங்கினார். பரலோகத்துக்கு ஏறிப்போக இந்தக் கரைப் பிள்ளைகளின் செபத்தைவிட நல்ல பாதரட்சை ராணிக்குக் கிடைக்காது என்று அவர் ராணிக்கே எழுதியதாக அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் குறிக்கிறார்கள். நான் அறிந்த நிதி ஒதுக்கீடுகளிலேயே சிறந்தது இதுதான்.

அதோடு நிற்கவில்லை. அவருக்குப் பின்னால் வந்த அண்டிரிக் அடிகளார் தமிழை முறையாகப் படித்தார், புன்னைக்காயலில் மருத்துவமனை வைத்தார். 1578 அக்டோபர் 20இல் கொல்லத்தில் அவர் தமிழாக்கிய ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாகி வந்தது. தமிழ் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்திருக்கும் முதல் நூல், 16 பக்கம். அச்சுச் செலவுக்குப் பணம் கொடுத்தவர்கள் இந்தக் கரைப் பரதவர்கள். அடுத்த வருஷம் கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’ வந்தது. அது முழுக்கக் கேள்வியும் பதிலும். செபமும் கட்டளைகளும் சொல்லித் தரும் இந்தப் புத்தகங்கள் யார் கையில் புழங்கியிருக்கும்? மணிச் சத்தம் கேட்டு ஓடிவந்த பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் கையில். தமிழ் அச்சின் வரலாற்றை மேடைகளில் முழங்குகிறவர்கள் இந்த மணல் தரை வகுப்பைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அண்டிரிக் அடிகளார் 1600இல் புன்னைக்காயலில் இறந்தார்; அவரைத் தூத்துக்குடியில்தான் அடக்கம் செய்தார்கள்.

பரதவர் கரையை விட்டு உள்ளே வந்தாலும் இதே வழக்கம்தான். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் இந்தச் சீமையைத் தின்றபோது தாய் தகப்பன் இல்லாமல் போன பிள்ளைகளை இந்த மாவட்டத்து நாசரேத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே மிஷனரியாக இருந்த மர்காஷிஸ் ஐயர் 1878இல் தொழிற்பள்ளி தொடங்கி, தச்சும் தையலும் கற்றுக்கொடுத்தார். சோறு போட்டதோடு கையில் தொழிலையும் கொடுத்து அனுப்பினார்.

இப்போதும் எங்கள் பக்கம் கீத பவனி வருகிறது. மாட்டுத்தொழுவக் குடிலுக்குத் தட்டில் கேழ்வரகு விதைத்துப் புல் வளர்ப்பதே பிள்ளைகள்தான். பவனியில் கிறிஸ்மஸ் தாத்தா வேஷத்துக்குப் பின்னால் ஓடும் கூட்டத்தில் பாதிப்பேர் சபைப் பிள்ளைகள் இல்லை. தெருப் பிள்ளைகள், மிட்டாய்க்காக வருகிறவர்கள். பாட்டு அவர்களுக்கும் மனப்பாடம். யாரும் அவர்களை விலக்கியதில்லை. நடமாட முடியாத பெரியவர்கள் இருக்கும் வீட்டில் மட்டும் கூட ஒரு பாட்டு பாடச் சொல்வார்கள். போன வருஷம் ஒரு வீட்டில் அந்தக் கூடுதல் பாட்டை எடுத்துப் பாடினவன் எதிர் வீட்டு முத்துமாரியம்மன் கோயில் பூசாரியின் மகன். உள்ளே கட்டிலில் இருந்த ஆச்சி அவனைக் கிட்டக் கூப்பிட்டு, “நீ நாளைக்கும் வந்து பாடுல மக்கா” என்றார்கள். அவன் போனான்.

எல்லாப் பிள்ளைகளையும் அழைத்த அந்த ஆலயத்தார் நல்லவர்கள். அவர்கள் உடுப்பு வாங்கக் கடைகடையாக ஏறியதை நான் அறிவேன். பிள்ளைகளைக் கூப்பிட மனம் இருந்தது. வந்த பிள்ளைகளைப் பெரியவர்களின் மரியாதைக்குக் கூட்டம் ஆக்கிவிட்டார்கள். மரியாதை யாருக்கு முதலில் என்பதில் ஏற்பட்ட கோளாறு இது; ஒரு நிகழ்ச்சி நிரலைத் திருத்தி எழுதினால் சரியாகிவிடும்.

ஆகவே கிறிஸ்மஸுக்குள் இன்னும் விழா வைத்திருக்கும் பங்குத் தந்தையருக்கும் சேகர குருமாருக்கும் விழாக் குழுவினருக்கும் ஒரு விண்ணப்பம். பிள்ளைகளுக்கு ஆறு மணிக்குச் சாப்பாடு போட்டுவிடுங்கள். உடுப்பில் சிந்தினால் சிந்தட்டும். சரியான நேரத்துக்கு அவர்கள் நிகழ்ச்சியைத் தொடங்குங்கள், சிறப்பு விருந்தினர் வந்தாலும் வராவிட்டாலும். உரைகள் அதற்குப் பிறகு, கேட்க விருப்பம் உள்ளவர்களுக்கு. பொன்னாடைக்கு ஒதுக்கிய பணத்தை, வருஷம் முழுக்கச் சம்பளம் இல்லாமல் மறைக்கல்வியும் ஞாயிறு பள்ளியும் நடத்தும் ஆசிரியைகளுக்குக் கவரில் போட்டுக் கொடுங்கள். ராணியின் செருப்புக் காசே இந்தக் கரையில் ஆசிரியர் சம்பளமாக மாறியிருக்கிறது.