ஆரே குன்றின் தீயும் தாராவியின் வெள்ளமும்

மும்பையில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. தென் கேரளத்தின் மலைகளில் இந்த அளவு மழை, பசுமை மாறாத மழைக்காடுகளை வளர்க்கிறது. ஆனால் போரிவலி முதல் ஆரே வரை நீளும் மும்பையின் காட்டில், கோடையில் இலை உதிர்க்கும் மரங்களே மிகுதி. தென் கேரளத்தில் வறண்ட மாதங்கள் இரண்டு மூன்றுதான். மும்பையிலோ ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டித் தீர்க்கும் மழை, அடுத்த எட்டு மாதங்கள் எட்டிப் பார்ப்பதில்லை. ஈரக்காட்டின் நிழலில் அணைந்துபோகும் தீப்பொறி, இங்கே சருகிலும் காய்ந்த புல்லிலும் பற்றிக் குன்றையே எரிக்கிறது. அடிக்கடி எரியும் நிலத்தில், மெல்லிய பட்டை கொண்ட மழைக்காட்டு மரங்களின் கன்றுகள் பிழைப்பதில்லை. புல் மிஞ்சுகிறது; அது மீண்டும் தீயை அழைக்கிறது.

இவ்வளவும் இயற்கை. எந்தக் குன்று எத்தனை முறை எரிகிறது என்பதில் நில வணிகத்துக்கும் பங்கு உண்டு. 2018 டிசம்பரில், மழை ஓய்ந்த சில வாரங்களிலேயே, ஆரேயை ஒட்டிய குன்றில் பெருந்தீ மூண்டது. அது தானாகப் பற்றியதா என்ற ஐயத்தை மக்கள் எழுப்பினர். மறு ஆண்டு கோடரியே வந்தது. 2019 அக்டோபர் 4 அன்று உயர்நீதிமன்றம் மனுக்களைத் தள்ளுபடி செய்த இரவே, மெட்ரோ பணிமனைக்காக மரங்களை வெட்டத் தொடங்கினர். 7ஆம் தேதி உச்சநீதிமன்றம் தடுப்பதற்குள் 2,000க்கும் மேற்பட்ட மரங்கள் சாய்ந்தன. எதிர்த்தவர்களில் 29 பேர் சிறைக்கு அனுப்பப்பட்டனர். மரப்போர்வை அகன்ற இடத்தில் வெயில் நுழையும், புல் நுழையும், பின்னாலேயே தீயும் நுழையும். அதே ஆண்டு அமேசானில், மரங்களை வெட்டிக் காயவைத்து மேய்ச்சல் நிலத்துக்காகத் தீ வைத்ததை உலகமே கண்டது.

பழி மட்டும் வழக்கம்போல ஆதிவாசிகள் தலையில் விழுகிறது. கர்நாடகத்தின் பிளிகிரிரங்கன் மலையில், சோலிகர்கள் கோடைத் தொடக்கத்தில் சருகுக்குச் சிறுதீ வைத்துவந்தனர். வனத்துறை அதைத் தடுத்த பிறகே உண்ணிச்செடி காடெங்கும் மண்டியது என்கிறார்கள் அவர்கள். ஆரேயின் பாடாக்களில் வாழும் வார்லி மக்களிடம் இத்தகைய அறிவைக் கேட்டுப் பெற எந்த அரசும் முன்வரவில்லை.

தாராவித் தமிழ்த் தொழிலாளிக்கு இது தொலைதூரச் செய்தியன்று. விகார், பவாய் ஏரிகளின் மிகைநீரில் பிறக்கும் மித்தி ஆறு, ஆரேயைத் தொட்டு, குர்லா வழியே தாராவியின் விளிம்பில் ஓடி மாஹிம் கழிமுகத்தில் கலக்கிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, இந்த ஆற்றின் கரைகளே மூழ்கின. எரிந்து மொட்டையான சரிவு, மண்ணையும் நீரையும் இந்த ஆற்றில்தான் கொட்டும்.

2006 வன உரிமைச் சட்டப்படி பாடாக்களுக்கு உரிமை வழங்க வேண்டும். எரிந்த நிலம் பின்னர் யார் கைக்குப் போகிறது என்பதை அரசு விசாரித்து வெளியிட வேண்டும். தாராவி, மாதுங்கா, செம்பூர்த் தோழர்கள் இக்கோரிக்கைகளைக் கோடைக்கு முன்பே வீடுவீடாகக் கொண்டு செல்ல வேண்டும்.