நூலை அகற்றினால் இழிவு அகலுமா?



இனக்கொடுமையைச் சித்திரிக்கும் பழைய புதினங்கள் வகுப்பறைக்கு இனித் தேவையில்லை என்னும் குரல் அமெரிக்காவில் வலுத்து வருகிறது. ஹார்ப்பர் லீ எழுதி 1960-இல் வெளிவந்த 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' என்னும் புதினமே பெரிதும் தாக்கப்படுகிறது. செய்யாத குற்றத்திற்காகத் தண்டிக்கப்படும் டாம் ராபின்சன் என்ற கறுப்பினத்தவரின் கதை அது. 2017-இல் மிசிசிப்பி மாநிலத்துப் பிலாக்சி நகரில் அதன் பாடம் நிறுத்தப்பட்டது. 2022-இல் வாஷிங்டன் மாநிலத்து முக்கில்டியோவில் கட்டாய நூற்பட்டியலிலிருந்து அது நீக்கப்பட்டது.

இலக்கியத்திற்கே தடையா என்று நாம் சினம் கொள்ளலாம். ஆனால், அந்தப் பெற்றோர் நின்ற இடத்தில் நாமும் நின்றவர்கள்தாமே? 2011-இல் 'இன்டர்லோக்' புதினம் ஐந்தாம் படிவ மலாய் இலக்கியப் பாடநூலானபோது, அதிலிருந்த சாதி இழிசொல்லைக் கண்டு நம் சமூகம் கொதித்தெழுந்தது. அவ்வாண்டின் இறுதியில் அந்நூலை மீட்டுக்கொள்ளும் முடிவு அறிவிக்கப்பட்டது. அன்று நம்மை வாட்டிய கவலை என்ன? பல்லினப் பிள்ளைகள் அமர்ந்திருக்கும் வகுப்பில் அச்சொல் உரக்க வாசிக்கப்படும்போது நம் பிள்ளை முகத்தை எங்கே வைத்துக்கொள்வான் என்பதுதானே!

கலிபோர்னியாவின் பர்பேங்க் நகரில் ஒரு தாய் எழுப்பியதும் இதே முறையீடுதான். பாடநூலில் கற்ற இழிசொல்லைச் சக மாணவன் தன் மகள்மீது வீசினான் என்றார் அவர். அதனைப் புறந்தள்ள எனக்கு மனம் வரவில்லை.

எனினும், நீக்குவதே தீர்வு என்பதை நான் ஏற்கமாட்டேன். லீயின் புதினம் இழிவை இழிவென்று காட்டவே எழுதப்பட்டது. அதன் குறை வேறு. கதையைச் சொல்பவள் வெள்ளைச் சிறுமி. வாதாடுபவர் அவளுடைய தந்தை. டாம் ராபின்சனின் குரலோ நீதிமன்றக் கூண்டைத் தாண்டி நமக்கு அதிகம் கேட்பதில்லை. இந்த ஒரு நூலை மட்டும் படித்த மாணவனுக்குக் கறுப்பின மக்கள்மீது இரக்கம் பிறக்கும், மதிப்புப் பிறக்குமா?

மில்ட்ரெட் டெய்லர் 1976-இல் எழுதிய 'ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை க்ரை' புதினத்தை அதனருகே வையுங்கள். அதே 1930-களின் தென்மாநிலச் சூழல்; ஆனால், பேசுபவள் காசி லோகன் என்னும் கறுப்பினச் சிறுமி. அவள் குடும்பம் யாருடைய தயவுக்கும் காத்திராமல் சொந்த நிலத்தைக் காக்கப் போராடுகிறது. பர்பேங்க் பள்ளிகள் 2020-இல் விலக்கிய நூல்களுள் இதுவும் ஒன்று என்பதுதான் கொடுமை! களையோடு சேர்த்துப் பயிரையும் பிடுங்குவது இதுவன்றோ?

நூல் வகுப்பில் இருக்கட்டும். ஆனால், இழிசொல்லை உரக்க வாசிக்க வேண்டா. அச்சொல் எவரால், எதற்காக உருவாக்கப்பட்டது என்பதை முதலில் கற்பியுங்கள். அவ்வினத்துப் பிள்ளையை எழுப்பி, 'உன் கருத்தென்ன?' என்று வகுப்பின் முன் நிறுத்தாதீர்கள். பெற்றோருக்கு முன்கூட்டியே தெரிவியுங்கள். இவற்றைச் செய்ய அணியமாக இல்லாத ஆசிரியர் அந்நூலைக் கையிலெடுக்காதிருப்பதே நன்று.

நூலை நீக்க ஒரு சுற்றறிக்கை போதும். வகுப்பறையில் தலைகுனிந்திருக்கும் பிள்ளையை நிமிரச் செய்ய ஆசிரியர்தான் வேண்டும். சிந்திப்போம்!