பழைய பிரிண்டரும் புதிய பூட்டும்

எங்கள் ஆலங்காயத்துக்கு மேலே, காவலூரின் வைணு பாப்பு வான் ஆய்வுக்கூடத்தில் 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி ஒன்று, கணக்கிலடங்காத தூரத்து நட்சத்திரங்களின் மங்கிய ஒளியைச் சிரத்தையுடன் வாங்கிக்கொண்டிருக்க, என் வீட்டுக் கூடத்திலிருக்கும் பிரிண்டரோ, பத்தடி தூரத்து வைஃபை ரவுட்டரைக் கண்டும் காணாததுபோல் நீல விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

புது ரவுட்டர் மாட்டிய இளைஞர், “பிரிண்டர் பழசு சார், மாத்திடுங்க, இல்லேன்னா பாஸ்வேர்டையே எடுத்துடலாம்” என்றார். திண்ணையில் படுக்க இடமில்லையென்று வாசற்கதவையே கழற்றிவைக்கும் யோசனை!

பிரிண்டர்மேல் குற்றமில்லை. 1997-இல் வைஃபையுடன் பிறந்த வெப் என்னும் முதற்பூட்டின் பலவீனத்தை 2001-லேயே ஃப்ளூரர், மான்டின், ஷமிர் என்ற மூவர் அம்பலப்படுத்திவிட, 2003-இல் தற்காலிகப் பரிகாரமாக டபிள்யூபிஏ வந்து, மறு வருஷமே டபிள்யூபிஏ-2 அதன் ஸ்தானத்தைப் பிடித்தது. 2014-இல் நான் வாங்கிய பிரிண்டருக்குத் தெரிந்த பாஷை அதுவே. 2018-இல் வந்த டபிள்யூபிஏ-3 மட்டும் போதுமென்று ரவுட்டரில் அமைத்துவிட்டதால், கடவுச்சொல் சரியாயிருந்தும் இரண்டுக்கும் சம்பாஷணை நிகழவில்லை. அமைப்புப் பக்கத்தில் டபிள்யூபிஏ-2, டபிள்யூபிஏ-3 இரண்டும் சேர்ந்த கலப்பு முறையைத் தேர்ந்ததும் நீல விளக்கு நிலைத்து நின்றது. நிலத்துச் சிட்டா நகலொன்று சாவதானமாக வெளிவந்தது.

ஆனால் இந்தச் சமரசத்துக்கு ஒரு விலையுண்டு. பழைய முறையில் ஒரு கருவி இணையும் க்ஷணத்துப் பரிமாற்றத்தை அருகிலிருந்து எவனாவது பதிவுசெய்துகொண்டால், வீட்டிற்குப் போய், சாவகாசமாக, லட்சக்கணக்கான சொற்களைக் கணினியைக் கொண்டு ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கலாம். புதிய முறையிலோ ஒவ்வொரு ஊகத்துக்கும் ரவுட்டரின் வாசலுக்கே வந்து கேட்டாகவேண்டும். ஆகவே கலப்பு முறை வைத்திருப்பவர்களுக்கு நீண்ட கடவுச்சொல் அவசியம். ஆயினும் வெப், முதல் டபிள்யூபிஏ-வின் டிகேஐபி என்னும் பழம்பெயர்களுக்கு மட்டும், எந்தக் கருவி எவ்வளவு கெஞ்சினாலும், இறங்கிப் போகவேண்டாம்.

நம் ஊரில் பாதி வீடுகளுக்கு அந்தக் கடவுச்சொல் கைபேசி எண்தான் என்பது என் சந்தேகம். என் வீட்டிலும் அதுவே. அன்று மாலையே 22 எழுத்துள்ள ஒன்றாக மாற்றினேன். பிரிண்டரின் சின்னத் திரையில், அம்புக்குறிப் பொத்தானை அமுக்கி அமுக்கி, அதை ஓரெழுத்து ஓரெழுத்தாக உள்ளிட அரைமணி நேரமாயிற்று.