இதற்கு முந்தைய வாக்கியம் எது?

ஒரு நல்ல பத்தியை எடுத்து, வாக்கியம் வாக்கியமாக வெட்டி, இடம் மாற்றிக் கொடுத்துவிட்டு, பழையபடி அடுக்கச் சொல்வார்கள். ஐஐஎம்களில் சேர்வதற்கான கேட், வங்கிகளுக்கான ஐபிபிஎஸ், எஸ்எஸ்சி, ராணுவ அதிகாரிகளுக்கான சிடிஎஸ் என்று எந்தத் தேர்வின் ஆங்கிலப் பகுதியைப் புரட்டினாலும் இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவில் இருக்கும். மாணவர்கள் இதை ‘பாரா ஜம்பிள்’ என்கிறார்கள். படிக்கும்போது எளிதாகத் தெரிந்து, விடைக்குறிப்பைப் பார்க்கும்போது ஏமாற்றுகிற கேள்வி என்பதால் பலருக்கும் இதன்மேல் ஒரு கசப்பு உண்டு. தேர்வறையில் இதைத் தொடாமலே விட்டுவிடுவதை ஒரு உத்தியாகச் சொல்லிக்கொடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

அந்தக் கசப்புக்குப் பெரும் காரணம் இதற்குத் தயாராகும் விதம்தான் என்பது என் கருத்து. வாசிப்புத்திறனைச் சோதிக்கும் கேள்விகளில் இதைவிட நேர்மையான ஒன்று இல்லை. அகராதியை மனப்பாடம் செய்தவனும் இலக்கண விதிகளை ஒப்பிப்பவனும் இங்கே திணறலாம். எழுதியவரின் சிந்தனை எந்த வழியாகப் போகிறது என்று பின்தொடர்ந்து பழகியவருக்குத்தான் இது வசப்படும்.

பயிற்சிக் குறிப்புகளில் அச்சாகும் ஷார்ட்கட்டுகள் எல்லோருக்கும் தெரிந்தவை. ‘ஆனால்’, ‘எனவே’ என்று தொடங்கும் வாக்கியம் முதலில் வராது. ஒருவரின் முழுப்பெயர் வரும் வாக்கியம் முன்னால், ‘அவர்’ என்று வருவது பின்னால். பொதுவான கருத்து முதலில், குறிப்பான செய்தி பிறகு. ஆண்டுகள் இருந்தால் கால வரிசை. இவற்றில் பொய் எதுவும் இல்லை. ஆனால், கேள்வி தயாரிப்பவரும் இதே குறிப்புகளை அறிந்தவர். இந்த அடையாளங்கள் வெளிப்படையாக இருக்கும் பத்தியை அவர் ஒதுக்கிவிடுவார், அல்லது தவறான பக்கம் இழுக்கும்படி அவற்றை விட்டுவைப்பார்.

ஓர் உதாரணத்தைக் கையில் எடுத்துப் பார்ப்போம். தேர்வில் ஆங்கிலத்தில் வரும். இங்கே வசதிக்காகத் தமிழில் அமைத்திருக்கிறேன்.

அ. அதே முறையைப் பிற்பாடு கோதாவரியின் குறுக்கே தவளேஸ்வரத்திலும் அவர் கையாண்டார்.

ஆ. காவிரிப் பாசனத்தைக் கவனிக்க அனுப்பப்பட்ட ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டனுக்கு இதற்கான விடை கல்லணையில் கிடைத்தது.

இ. பஞ்சத்தில் அடிபட்டுக் கிடந்த கோதாவரி டெல்டா, 1852-இல் அந்த அணை முடிந்தபின் நெற்களஞ்சியம் ஆனது.

ஈ. எவ்வளவு தோண்டினாலும் பாறை தட்டுப்படாத ஆற்று மணலில் அடித்தளம் போடுவது எப்படி என்பது அணை கட்டுபவர்களுக்குப் பெரும் புதிர்.

உ. அங்கே மணல்மேல் போடப்பட்ட பெருங்கற்கள் தம் பாரத்தாலேயே உள்ளே இறங்கி, மேலே மேலே கற்கள் ஏற ஏற, அசையாத அடித்தளமாக இறுகியிருந்தன.

ஷார்ட்கட்டை நம்புகிற மாணவர் உடனே ‘ஆ’வைத் தூக்கி முதலில் வைப்பார். முழுப்பெயர் இருக்கிறது, பதவி இருக்கிறது, ஆளை அறிமுகம் செய்கிற தோரணை இருக்கிறது. ஆனால், அதே வாக்கியத்தின் நடுவில் ‘இதற்கான விடை’ என்று இரண்டு சொற்கள் உட்கார்ந்திருக்கின்றன. எதற்கான விடை? அந்தக் கேள்வியை எழுப்பிய வாக்கியம் ஒன்று முன்னால் இருந்தாக வேண்டும்.

முதல் வாக்கியத்தைத் தேடிக்கொண்டு நேரத்தைத் தொலைக்காமல், ஒவ்வொரு வாக்கியத்திடமும் ஒரே கேள்வியைக் கேட்கச் சொல்வேன்: உன்னை விளங்கிக்கொள்ள வாசகனுக்கு முன்கூட்டி என்ன தெரிந்திருக்க வேண்டும்? ‘உ’வைக் கேட்டால் ‘அங்கே’ எது என்று தெரிய வேண்டும் என்கிறது. கற்கள் போடப்பட்ட இடம் ஒன்று வேண்டும். ‘ஆ’வில் கல்லணை இருக்கிறது. ஆக, ஆ-உ ஒரு ஜோடி. ‘இ’க்கு ‘அந்த அணை’ எது என்று தெரிய வேண்டும். அது கோதாவரியில் இருக்க வேண்டும், காட்டன் காலத்தில் கட்டப்பட்டதாக இருக்க வேண்டும். ‘அ’தான் அதைத் தருகிறது. அ-இ இன்னொரு ஜோடி. ‘அ’வுக்கு ‘அதே முறை’ எது என்று தெரிய வேண்டும். கற்கள் இறங்கி இறுகும் முறையை ‘உ’தான் விளக்குகிறது. ஈ-க்கு மட்டும் முன்கூட்டி எதுவும் தேவைப்படவில்லை. ‘இதற்கான விடை’யின் ‘இது’வும் அதில்தான் இருக்கிறது. விடை: ஈ, ஆ, உ, அ, இ.

கணக்காகவும் இதைப் பார்க்கலாம். ஐந்து வாக்கியங்களை 120 விதமாக அடுக்கலாம். ஆ-உ ஒட்டிக்கொண்டவுடன் அது 24 ஆகிறது. அ-இ ஒட்டியதும் 6. ‘உ’வும் ‘அ’வும் இணைந்தபின் மிச்சம் இரண்டே, ‘ஈ’ முன்னால் போவதா, பின்னால் வருவதா என்பது மட்டும்தான். வங்கித் தேர்வுகளில் ஆறு வாக்கியங்களைக் கொடுத்து, இரண்டாவது எது, கடைசி எது என்று ஒரே அடுக்கிலிருந்து ஐந்து கேள்விகள் கேட்கும் வழக்கமும் உண்டு. ஆறு வாக்கியங்களுக்கு 720 வரிசைகள். ஒன்று இடம் மாறினாலும் அடுத்தடுத்த விடைகள் சரியும். தவறுக்குக் கால் மதிப்பெண் வீதம் கையிலிருந்தும் போகும். அத்தகைய கேள்வியில் ஒரே ஒரு உறுதியான ஜோடி கிடைத்தாலே 720 என்பது 120 ஆகிவிடுகிறது. முதல் வாக்கியத்தை ஊகித்துக்கொண்டு இறங்குபவர் அந்த ஊகம் தவறினால் முழுவதையும் இழக்கிறார். ஜோடியிலிருந்து தொடங்குபவருக்கு அந்த அபாயம் குறைவு.

மேலே உள்ள பத்தியில் ‘தவளேஸ்வரத்திலும்’ என்பதில் வரும் ‘உம்’மைக் கவனித்தீர்களா? இதற்கு முன்பே வேறோர் இடம் பேசப்பட்டிருக்கிறது என்பதை அந்த ஓர் இடைச்சொல்லே காட்டிக்கொடுத்துவிடுகிறது. இம்மாதிரிச் சின்னச் சின்னப் பிணைப்புகளைத்தான் எம்.ஏ.கே. ஹாலிடேயும் ருக்கையா ஹசனும் 1976-இல் வெளியிட்ட ஆய்வு நூலில் ஆங்கிலத்துக்கு வகைப்படுத்தினார்கள்: சுட்டுதல், ஒன்றுக்குப் பதில் வேறொன்றை இடுதல், சொல்லாமல் தொக்க விடுதல், இணைப்புச்சொல், சொற்களுக்கு இடையிலான பொருள் உறவு என ஐந்து. பயிற்சிக் குறிப்புகள் பெரும்பாலும் சுட்டையும் இணைப்புச்சொல்லையும் பற்றிக்கொண்டு நின்றுவிடுகின்றன. கேட் போன்ற தேர்வுகளில் கடினமான கேள்விகள் கடைசி வகையில்தான் இருக்கின்றன. அங்கே ‘ஆனால்’ இருக்காது, ‘எனவே’ இருக்காது. ஒரு வாக்கியம் ஒரு கருத்தை வைக்கும், இன்னொன்று அதற்கு எல்லை வகுக்கும், மூன்றாவது ஓர் உதாரணம் தரும். எது எதற்கு உதாரணம் என்று புரிந்தால்தான் அடுக்க முடியும்.

2015-இல் கேட் தேர்வில் ஆப்ஷன் இல்லாத கேள்விகள் புகுந்தபோது, வாக்கிய வரிசையும் அந்தப் பட்டியலுக்குப் போனது. விடையைத் தட்டச்சு செய்ய வேண்டும். அதற்கு முன்புவரை நான்கு ஆப்ஷன்களை வைத்துக்கொண்டு, ‘இது முதலில் வர முடியாது, அதனால் இந்த இரண்டும் அவுட்’ என்று கழித்துக் கழித்தே விடைக்கு வந்துவிடலாம். பத்தியை உண்மையில் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு டிக் அடித்தாலும் நாலில் ஒன்று. ஆப்ஷன் போனபின் நான்கு வாக்கியங்களுக்கே 24-இல் ஒன்றுதான் சரி. நெகட்டிவ் மார்க் கிடையாது என்பதால் வெறுமனே விடுவதில் அர்த்தமில்லை. ஆனால், குருட்டாம்போக்கில் அடிப்பதாலும் பெரிய பலன் இல்லை. இந்த மாற்றத்தை நான் மனமார வரவேற்கிறேன். எஸ்எஸ்சி, வங்கித் தேர்வுகளில் ஆப்ஷன் தொடர்கிறது. அங்கே கழித்தல் முறையைப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஜோடியை முதலில் கண்டுபிடித்துக்கொண்டு, அந்த ஜோடி எந்த ஆப்ஷனில் அடுத்தடுத்து நிற்கிறது என்று பார்ப்பதே விரைவான வழி.

கேட் தேர்வில் இதற்கு ஒரு உடன்பிறப்பும் உண்டு. ஐந்து வாக்கியங்களில் நான்கு ஒரு பத்தியாகும். சேராத ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். நம் பத்தியில் ‘கரிகாலன் கட்டியதாகச் சொல்லப்படும் கல்லணை இன்றும் பாசனத்துக்குப் பயன்படுகிறது’ என்று ஒரு வாக்கியத்தை நுழைத்துப் பாருங்கள். கல்லணை என்ற சொல் இருக்கிறது, பாசனம் இருக்கிறது, செய்தியும் உண்மை. ஆனாலும் அது அங்கே அந்நியம்தான். பத்தி பேசுவது மணலில் அடித்தளம் போடும் நுட்பம் எப்படிக் கைமாறியது என்பதை. அணையின் பெருமையை அல்ல. ஒரே தலைப்பில் இருப்பதும் ஒரே பேச்சில் இருப்பதும் வேறு வேறு. இந்த வித்தியாசத்தை உணர்த்துவதற்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை.

இனி கேள்வி தயாரிப்பவர்களிடம் சொல்ல வேண்டியது. நம் பத்தியின் ‘இ’யில் உள்ள ‘கோதாவரி’யையும் ‘1852-இல்’ என்பதையும் எடுத்துவிட்டுப் படியுங்கள்: ‘பஞ்சத்தில் அடிபட்டுக் கிடந்த டெல்டா, அந்த அணை முடிந்தபின் நெற்களஞ்சியம் ஆனது.’ இப்போது ‘அந்த அணை’ கல்லணையாகவும் இருக்கலாம். ‘உ’வுக்கு அடுத்தே இதை வைத்து, ‘அ’வைக் கடைசிக்குத் தள்ளினாலும் பத்தி ஒழுங்காகவே ஓடும். இரண்டு சொற்கள் போனதும் இரண்டு விடைகள் முளைத்துவிட்டன. ஏற்கெனவே அச்சான ஒரு பத்தியை வெட்டி, மூலத்தில் இருந்த வரிசையே ஒரே விடை என்று அறிவிக்கும்போது நேரும் கோளாறு இது. எழுதியவர் ஒரு வரிசையைத் தேர்ந்துகொண்டார் என்பதால் மற்ற வரிசைகள் பிழையாகிவிடாது. தமிழ் யாப்பில் பொருள்கோள் வகைகளுள் அடிமறிமாற்று என்று ஒன்று உண்டு. அடிகளை எப்படி மாற்றிப் போட்டாலும் பொருள் கெடாத பாட்டு அது. உரைநடையிலும் அப்படிப்பட்ட பத்திகள் ஏராளம். அவற்றைக் கேள்வித்தாளில் வைப்பது மாணவருக்குச் செய்யும் அநியாயம். கேள்வியைத் தயாரித்தவர் அல்லாத இருவர், மூலத்தைப் பார்க்காமல் அடுக்கிப் பார்த்து, இருவரும் ஒரே விடைக்கு வந்தால் மட்டுமே அது தேர்வுக்குப் போக வேண்டும். விடைக்குறிப்பு வெளியானபின் ஆட்சேபம் தெரிவிக்கக் கட்டணம் வாங்கிக்கொண்டு வழி திறப்பது இதற்கு மாற்றாகாது.

நம் பள்ளிகளுக்கு வருகிறேன். தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வில் வாக்கியங்களை முறைப்படுத்தும் கேள்வி இருக்கிறது. ஆனால், வாக்கியங்கள் துணைப்பாடக் கதையிலிருந்து வருகின்றன. கதை தெரிந்தவனுக்கு நடந்தது நினைவிருந்தால் போதும். வாக்கியத்துக்கும் வாக்கியத்துக்கும் உள்ள பிணைப்பைப் பார்க்க வேண்டியதே இல்லை. டிஎன்பிஎஸ்சியின் பொதுத்தமிழில் சொற்களை ஒழுங்குபடுத்திச் சொற்றொடராக்குவது நீண்ட காலமாக இருக்கிறது. அது ஒரு வாக்கியத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. கட்டுரை எழுதுவதற்கோ குறிப்புச் சட்டகம் கொடுத்துவிடுகிறோம். முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை எல்லாம் தயார். உட்தலைப்புக்குக் கீழே முதல் வாக்கியத்திலிருந்து இரண்டாவது எப்படிப் பிறக்கிறது என்பதை மட்டும் யாரும் சொல்லித்தருவதில்லை. நூலுக்குரிய பத்து அழகுகளில் முறையாக வைப்பதையும் ஒன்றாக நன்னூல் எண்ணியிருக்கும் மொழியில் இந்த நிலை எனக்கு வருத்தமளிக்கிறது.

தமிழ்வழியில் படித்து வங்கித் தேர்வுக்குத் தயாராகும் மாணவர் பாரா ஜம்பிளைப் பார்த்ததும், தன் ஆங்கிலம் போதாது என்று முடிவுகட்டிவிடுகிறார். பாதி உண்மைதான், தெரியாத சொற்கள் தடுக்கும். மீதிப் பாதி மொழியைச் சார்ந்ததே அல்ல. ‘இதற்கான விடை’ என்றதும் ‘எதற்கு?’ என்று கேட்கத் தெரிந்தவர் எந்த மொழியிலும் அதைக் கேட்பார். அந்தப் பழக்கத்தைத் தாய்மொழியில் உண்டாக்கிக்கொள்வது எளிது. செய்தித்தாளின் நடுப்பக்கத்திலிருந்து ஒரு பத்தியை எடுத்து, வாக்கியங்களைத் தனித்தனித் துண்டுத்தாளில் எழுதிக் கலைத்துவிட்டு, மறுநாள் அடுக்கிப் பார்க்கலாம். நண்பர்கள் இருவர் சேர்ந்து ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. விடை தவறினால் எந்தச் சொல்லைக் கவனிக்காமல் போனோம் என்று தேடி அடிக்கோடிட வேண்டும். மாக் டெஸ்ட்டில் விடையைப் பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவுவதால் ஒன்றும் சேராது. சில வாரங்கள் இப்படிச் செய்தபின் ஆங்கிலப் பத்திக்குப் போனால், தெரியாத ஓரிரு சொற்களைத் தாண்டியும் பிணைப்புகள் கண்ணில் படும்.

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் பாடநூலில் இல்லாத ஒரு பத்தியைக் கொடுத்து அடுக்கச் சொல்லலாம். ஐந்து வாக்கியங்கள் போதும். வரிசைக்குப் பாதி மதிப்பெண்ணும், ஏதேனும் இரண்டு வாக்கியங்கள் ஏன் அடுத்தடுத்து வர வேண்டும் என்று ஒரு வரியில் எழுதும் காரணத்துக்கு மீதிப் பாதியும் தர வேண்டும். வேறு வரிசையில் அடுக்கிய மாணவரின் காரணம் பொருந்தினால், அதற்கும் முழு மதிப்பெண் வழங்கும்படி திருத்தும் ஆசிரியருக்கு அதிகாரம் கொடுக்க வேண்டும்.