சாப்பாட்டுக்குப் பறக்கலாம், ஈயம் எதற்கு?

சாப்பிடுவதற்காக விமானம் ஓட்டிக்கொண்டு போகிறவள் நான். சொந்த விமானமெல்லாம் இல்லை. கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் சிலர் சேர்ந்து கிளப்பாக வைத்திருக்கும் பழைய செஸ்னா 172, 1970களில் செய்தது, நான்கு இருக்கை, ஒற்றை ப்ரொப்பெல்லர், 150 குதிரைத்திறன். கோடையில் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு ரீட்-ஹில்வியூ விமான நிலையத்திலிருந்து கிளம்பினால் ஆறரைக்கு ஹாரிஸ் ராஞ்ச் வந்துவிடும். கோலிங்கா ஊருக்கு வெளியே, ஐ-5 நெடுஞ்சாலை ஓரமாக இருக்கிற உணவகம் அது. பக்கத்திலேயே ஓடுபாதையும் உண்டு. விமானத்தைக் கட்டிப்போட்டுவிட்டு நடந்தே சாப்பிடப் போகலாம். காரில் வந்தால் இரண்டு மணி நேரத்துக்கும் மேலே ஆகும்.

ஊரிலிருந்து வந்திருந்த மாமியார், "ஏம்மா, பிளேன்ல போற அளவுக்கு அங்க அப்படி என்ன போடுறாங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஹாரிஸ் ராஞ்ச் மாட்டிறைச்சிக்குப் பேர்போன இடம். என் கணவர் ஸ்டேக் சாப்பிடுவார். கறியே தொடாத நான் 185 கிலோமீட்டர் பறந்து போய் சுட்ட உருளைக்கிழங்கும் சாலடும் சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.

அமெரிக்க விமானிகள் இந்தப் பழக்கத்தை 'நூறு டாலர் ஹாம்பர்கர்' என்பார்கள். பேர் வைத்த காலத்துக் கணக்கு அது. இப்போது போய்வர வாடகையும் பெட்ரோலுமாக முந்நூறு டாலர் சர்வசாதாரணமாக ஆகிவிடுகிறது. பணக்காரத் திமிர் என்று நீங்கள் சொன்னால் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் அந்தப் பணம் உருளைக்கிழங்குக்குப் போகவில்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

பயணிகளை ஏற்றிக்கொண்டு பறக்க வேண்டுமென்றால், கடந்த 90 நாட்களுக்குள் மூன்று முறையாவது மேலேறி இறங்கியிருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. இரவில் ஏற்ற வேண்டுமானால் அந்த மூன்றும் சூரியன் மறைந்து ஒரு மணி நேரத்துக்குப் பிறகு நடந்திருக்க வேண்டும். இந்தக் கணக்குக்காக ஒரே ஓடுபாதையைச் சுற்றிச்சுற்றி வந்துகொண்டிருந்தால் ஆறே மாதத்தில் சலித்துவிடும். லைசென்ஸ் வாங்கிய எத்தனையோ பேர் அப்படித்தான் நின்றுபோனார்கள். எங்காவது போக ஒரு காரணம் வேண்டும். சாப்பாட்டைவிடச் சுலபமான காரணம் எது?

ஹாரிஸ் ராஞ்ச் போனால் கையும் பழகும். எங்கள் ஊர் ஓடுபாதை 75 அடி அகலம். அங்கே 30 அடிதான். குறுகலான பாதையைப் பார்த்துப் பழகாத கண், நாம் இன்னும் உயரத்தில் இருப்பதாகச் சொல்லும். அதை நம்பினால் வரவேண்டிய உயரத்துக்குக் கீழே வந்துவிடுவோம். புத்தகத்தில் எத்தனை முறை படித்தாலும் கடைசி அரை மைலில் கண் சொல்வதைத்தான் மனசு கேட்கும். அதற்கு முன்னால் பச்சேக்கோ கணவாயைத் தாண்ட வேண்டும். சாயங்காலக் காற்று அங்கே உலுக்கி எடுக்கும். கணவாய் தாண்டியதும் சான் லூயிஸ் நீர்த்தேக்கம், பிறகு நெடுஞ்சாலையும் கால்வாயும் கூடவே தெற்கே வரும்.

விருந்தாளியின் எடையைக் கேட்டுவிட்டுக் கூட்டிப்போகிற விருந்து வேறு எங்கும் இருக்காது. நான்கு இருக்கை இருக்கிறது என்பதற்காக நான்கு பெரியவர்களையும் தொட்டி நிறையப் பெட்ரோலையும் ஏற்றிவிட முடியாது. கூசாமல் கேட்பேன், பெண்கள் குறைத்துச் சொல்வார்கள், ஆண்கள் அதைவிடக் குறைத்துச் சொல்வார்கள், தலைக்குப் பத்து பவுண்டு நானே கூட்டிக்கொள்வேன். மது கூடாது, குடித்து எட்டு மணி நேரம் ஆகாமல் ஓட்டக்கூடாது என்பது சட்டம். இருட்டுமுன் வீடு திரும்ப ஏழரைக்கெல்லாம் மேசையைவிட்டு எழுந்துவிட வேண்டும். ஜூன் கடைசியில் எட்டரை மணிவரை சூரியன் இருக்கும் என்பதால்தான் இந்தச் சாப்பாடு எனக்குக் கோடைக்காலச் சாப்பாடு.

இதுவரை சொன்னதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை. இனிச் சொல்லப்போவது வேறு.

கிளம்புமுன் ஒவ்வொரு இறக்கைக்கும் அடியிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் பெட்ரோல் பிடித்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் முத்தாக நிற்கும். குப்பியை வெளிச்சத்தில் பிடித்தால் பெட்ரோல் வெளிறிய நீலமாக இருக்கும். ரகம் தெரிய வேண்டும் என்று போடுகிற சாயம் அது. 100 எல்.எல். என்று பேர்; எல்.எல். என்றால் ஈயம் குறைவு என்று அர்த்தம். குறைவென்றால் அந்தக் காலத்து விமானப் பெட்ரோலோடு ஒப்பிட்டுக் குறைவு. லிட்டருக்கு 0.56 கிராம் ஈயம்வரை இருக்கலாம். ஹாரிஸ் ராஞ்ச் போய்வர எங்கள் விமானம் சுமார் 60 லிட்டர் குடிக்கும். ஆக, என் உருளைக்கிழங்குக்காக 30 கிராமுக்கும் மேலே ஈயம் காற்றில் போகலாம்.

அமெரிக்காவில் கார் பெட்ரோலில் ஈயம் 1996 தொடக்கத்திலேயே முற்றாகத் தடை செய்யப்பட்டது. இந்தியாவில் 2000இல் போனது. சின்ன விமானங்களில் மட்டும் இன்னும் இருக்கிறது. இன்று அமெரிக்கக் காற்றில் கலக்கிற ஈயத்தில் சுமார் 70 சதவீதம் இந்த விமானங்கள் விடுவது. குழந்தைகளின் மூளைக்கு ஈயம் கெடுதல், அதற்குப் பாதுகாப்பான அளவென்று ஒன்றில்லை என்பதெல்லாம் மருத்துவத்தில் முடிந்துபோன விவாதம்.

ரீட்-ஹில்வியூ கிழக்கு சான் ஹோசேயில் இருக்கிறது. ரீட் சகோதரர்கள் 1930களின் கடைசியில் தொடங்கியபோது சுற்றிலும் பழத்தோட்டம். இப்போது வேலிக்கு வெளியிலேயே வீடுகள். பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் வந்து உழைக்கிற குடும்பங்கள். சான்டா கிளாரா கவுன்ட்டி நடத்தச் சொன்ன ஓர் ஆய்வு 2021இல் வெளிவந்தது. நிலையத்திலிருந்து அரை மைலுக்குள் வாழும் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் கூடுதலாக இருப்பதாக அது சொன்னது. 2022 ஜனவரி 1 முதல் அங்கே ஈயப் பெட்ரோல் விற்பனையைக் கவுன்ட்டி நிறுத்திவிட்டது. எங்கள் தொட்டியில் இருக்கும் நீலம் வழியில் வேறு நிலையங்களில் நிரப்பிக்கொள்வது.

விமானிகள் கொதித்தார்கள். "வீடு வாங்கும்போதே இங்கே விமான நிலையம் இருந்ததே?" என்பது இன்றும் கிளப்பில் கேட்கிற வாதம். இருந்தது, ஆனால் மூன்று வயதுக் குழந்தையா வீடு வாங்கியது? நிலையத்தை மூடத்தான் ஈயத்தைச் சாக்காகக் காட்டுகிறார்கள் என்பது இன்னொரு வாதம். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. சான் ஹோசேயில் மனை விலை ஊரறிந்தது. நிலையத்தை மூட வேண்டும் என்பதைக் கவுன்ட்டியும் மறைக்கவில்லை. மத்திய அரசிடம் வாங்கிய மானியத்தின் நிபந்தனைகள்தான் 2031வரை தடுத்துக்கொண்டிருக்கின்றன. நிலையம் நிலைக்க வேண்டும் என்று நானும்தான் ஆசைப்படுகிறேன். அப்படியானால் அந்தச் சாக்கை நாமே ஏன் அவர்கள் கையில் கொடுக்க வேண்டும்?

மாற்று இல்லாமல் இல்லை. எங்கள் செஸ்னாவின் இன்ஜின் 80 ஆக்டேன் பெட்ரோலுக்கென்று வடிவமைத்தது; 94 ஆக்டேன் ஈயமில்லாப் பெட்ரோல் அதற்குத் தாராளம். ரீட்-ஹில்வியூவில் அது கிடைக்கிறது. அதிக அழுத்தத்தில் ஓடும் பெரிய இன்ஜின்களுக்குத்தான் 100 ஆக்டேன் வேண்டும். அதற்கும் ஈயமில்லாத ஒரு ரகத்துக்கு 2022இல் மத்திய விமானத் துறை அனுமதி கொடுத்தது. தயக்கங்களும் வெறும் சாக்கல்ல. நார்த் டகோட்டா பல்கலைக்கழகம் 2023இல் தன் பயிற்சி விமானங்களை 94க்கு மாற்றி, சில மாதத்திலேயே வால்வு இருக்கைகள் தேய்வதைப் பார்த்துப் பழையதற்கே திரும்பியது. 100 ஆக்டேன் மாற்று ரகம் பெயின்டைக் கெடுக்கிறது என்று சில உரிமையாளர்கள் புகார் சொல்கிறார்கள். நாள்பூரா ஓடுகிற பயிற்சி விமானத்துக்கு வால்வு பெரிய கவலை, சரி. சனிக்கிழமை ஸ்டேக் சாப்பிடப் போகிறவருக்கு? அடுத்த சர்வீஸில் வால்வைப் பார்க்கச் சொன்னால் போகிறது.

அரசு மெதுவாகத்தான் நகர்கிறது. 2022இல் ஈயப் பெட்ரோல் விற்ற நிலையங்கள், தகுந்த மாற்று வராத வரை 2030 கடைசிவரை அதை நிறுத்தக்கூடாது என்று 2024இல் ஒரு மத்தியச் சட்டம். அதே வருஷம் கலிஃபோர்னியா 2031 முதல் விற்பனைக்கே தடை போட்டது. அதற்குள் இன்று மூன்று வயதாகிற குழந்தை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருக்கும்.

இந்தியாவிலும் பயிற்சிப் பள்ளிகளின் சின்ன விமானங்கள் பல குடிப்பது இதே நீலப் பெட்ரோல்தான். அதுவரை இறக்குமதியாகிக்கொண்டிருந்ததை 2022 செப்டம்பரில் இந்தியன் ஆயில் உள்நாட்டிலேயே தயாரித்து வெளியிட்டது. விமானிகள் பற்றாக்குறை என்கிறார்கள், பயிற்சிப் பள்ளிகள் பெருகுகின்றன. பள்ளி வரப்போகிற ஊர்க்காரர்கள் ஓடுபாதையின் நீளத்தைக் கேட்கும்போது, தொட்டியில் எதை ஊற்றுவீர்கள் என்றும் சேர்த்துக் கேட்டுவைக்கலாம்.

பணம்தான் தடை என்கிறார்கள் எங்கள் கிளப்பில். ஈயமில்லாதது கேலனுக்கு ஒரு டாலர் கூடுதல் என்றே வைத்துக்கொள்வோம். ஹாரிஸ் ராஞ்ச் போய்வர பதினாறு டாலர். சாப்பிட்டு முடித்துக் கேட்கிற ஒரு கேக் துண்டும் காப்பியும். முந்நூறு டாலர் கொடுத்துச் சாயங்காலச் சாப்பாட்டுக்குப் பறக்கிற நாம் அந்தப் பதினாறுக்குக் கணக்குப் பார்க்கிறோம்.

அடுத்த கூட்டத்தில் நான் வைக்கப்போகிற தீர்மானம் சின்னது. இங்கே ஈயமில்லாததை நிரப்பிக்கொண்டு போய்வரக்கூடிய தூரம் எதற்கும், வழியில் எங்கேயும் நீலத்தை ஊற்றக்கூடாது. தொட்டி நிறைந்தால் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடும். ஹாரிஸ் ராஞ்ச் போய்வர இரண்டே மணி நேரம். தூரத்தைக் காட்டி யாரும் எதிர்க்க முடியாது, வால்வைத்தான் காட்டுவார்கள். அந்தக் கட்சிக்குத் தலைவர் என் கணவர். தேய்ந்த வால்வு இருக்கைகளின் படங்களை இப்போதே அச்சடித்து வைத்திருக்கிறார்.