பயிற்சியாளரிடமே அழட்டுமாம்!

விளையாட்டு வீரர்களுக்கெனத் தனி உளவியலாளர் வைப்பது பணக்கார வாரியங்களின் பகட்டு என்று தீர்ப்பெழுதியிருக்கும் கட்டுரையாளர், முதல் சாட்சியாக 1983 கிரிக்கெட் உலகக்கோப்பையைக் கூண்டிலேற்றுகிறார். கபில்தேவ் அணிக்கு எந்த உளவியலாளர் இருந்தார்? யாருமில்லைதான். அந்த அணிக்குப் பயிற்சியாளரே கிடையாது. கூடப் போனவர் மேலாளர் மான்சிங். அதே தர்க்கப்படி இன்று பயிற்சியாளர்களையும் வீட்டுக்கு அனுப்பிவிடலாமே, அங்கே மட்டும் பேனா ஏன் தயங்குகிறது? இரண்டு பத்தி தள்ளி அவர் எழுதித் தரும் மாற்று மருந்தே ‘நல்ல பயிற்சியாளர் போதும்’ என்பதுதானே!

அடுத்து, தியானமும் நல்ல வளர்ப்பும் போதும் என்பதற்கு நம் சென்னைப் பையன் குகேஷை இழுத்து வருகிறார். சாட்சியை ஒருமுறை விசாரித்துவிட்டாவது அழைத்திருக்கலாம். 2024-இல் சிங்கப்பூரில் உலகச் சதுரங்கப் பட்டப் போட்டியில் டிங் லிரனிடம் முதல் ஆட்டத்தையே பறிகொடுத்து, 3-ஆவதில் சமன்செய்து, 11-இல் முந்தி, 12-இல் மறுபடி அடிவாங்கி, 14-இல் பட்டத்தைப் பிடுங்கிய அந்த 18 வயதுக்காரர், மனப் பயிற்சியாளர் பாடி அப்டனுக்குப் பகிரங்கமாக நன்றி சொன்னவர். 2011-இல் உலகக்கோப்பை வென்ற இந்தியக் கிரிக்கெட் அணியோடு இருந்த அதே அப்டன்.

தோற்பவர்களுக்குத்தான் இந்த வைத்தியமாம். 2008 ஒலிம்பிக்கில் துப்பாக்கியால் தங்கம் சுட்ட அபினவ் பிந்த்ரா வெற்றிக்குப் பின் தன்னை விழுங்கிய வெறுமையைப் பற்றிப் பேசியதெல்லாம் இவர் காதில் விழவில்லை போலும்.

பொது மனநல மருத்துவர் போதாதா என்றும் கேட்கிறார். டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021-இல், காற்றில் சுழலும்போது தன் உடல் எந்தத் திசையில் இருக்கிறதென்றே பிடிபடாமல் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் விலகினாரே, அது சாதாரணப் பதற்றமா, கழுத்தை முறிக்கும் ஆபத்தா என்பதை அந்த விளையாட்டையே அறியாதவர் எதை வைத்துப் பிரித்தறிவார்?

சரி, பயிற்சியாளரிடமே மனத்தைத் திறக்கட்டும். நாளைக் காலை அணிப்பட்டியலில் தன் பெயரை எழுதவோ அடிக்கவோ போகிறவரிடம் போய், ‘சார், பவுன்சர் வந்தா கால் நடுங்குது’ என்று எந்த மட்டையாளர் சொல்வார்? சொன்னவர் அடுத்த ஆட்டத்தில் தண்ணீர் பாட்டில் தூக்குவார்! இது தெரியாத அப்பாவியல்ல நம் கட்டுரையாளர். விளையாட்டுச் சங்க நாற்காலிகளில் பழுத்தவர். தம் காது எட்டாத ஓர் அறை வீரருக்குக் கிடைத்துவிடுமோ என்பதுதான் அவருடைய கவலை, சிக்கனமெல்லாம் ஒப்புக்கு.

இத்துறையில் வாட்ஸப் பொன்மொழிகளை ஓதிக் காசு பார்க்கும் போலிகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் உண்மையில் கேட்டிருக்க வேண்டியது வேறு: வாரியம் சம்பளம் கொடுக்கும் உளவியலாளரின் குறிப்பேடு யார் மேசைக்குப் போகிறது? அவ்வளவு நீளக் கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.